ஒரு பொட்டலம் பொம்மையும் ஒன்பது பல்லும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிறிய ஊர். 1970-களின் தொடக்கத்தில் அங்கே வசித்த கேரி கைகாக்ஸ், மேசைமேல் சின்னஞ்சிறு போர்வீரர் பொம்மைகளை நிறுத்திச் சண்டை விளையாடும் ஒரு கூட்டத்துக்கு நடுநாயகமாக இருந்தார். வீரர்களும் குதிரைகளும் கடைகளில் கிடைத்தன. அவர்களை எதிர்த்து நிற்க விசித்திரப் பிராணிகள் கிடைக்கவில்லை. ஒரு ஸ்டெகோசாரஸ் பொம்மையை வெட்டி ஒட்டி டிராகனாக மாற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அப்போது மலிவுச் சாமான் கடை ஒன்றில் அவர் கண்ணில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் பட்டது. ஹாங்காங்கில் செய்தது. 'வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்' என்று சொல்லி விற்கப்பட்டது. உள்ளே இருந்தவற்றில் பல, பூமியில் எந்தக் காலத்திலும் வாழாதவை.

ஒன்றுக்குப் பூச்சி போன்ற உடம்பு, நெற்றியில் உணர்கொம்புகள், வால் நுனியில் விமான விசிறி போல விரிந்த ஒரு துடுப்பு. இன்னொன்றுக்குக் கூம்பிய தலை, முதுகெங்கும் கவசத் தகடு. மூன்றாவது ஒன்று அலகு முகத்தோடு பருத்து நின்றது. எதற்கும் பெயர் கிடையாது. செய்தவர் யார் என்பதற்கும் தடயம் கிடையாது.

அந்தப் பொம்மைகள் மேசைக்கு வந்தன. கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட, கற்பனைப் பாத்திரமேற்று ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டுக்கு அடுத்த ஆண்டே 'கிரேஹாக்' என்ற துணைநூல் வந்தது. விசிறிவால் பொம்மை அதில் 'ரஸ்ட் மான்ஸ்டர்' என்ற துருதின்னியாகவும், அலகு முகம் 'ஆவுல்பேர்' என்ற ஆந்தைக்கரடியாகவும் இடம்பிடித்தன. கவசத் தகடு கொண்டது 1976 ஜூனில் 'தி டிராகன்' பத்திரிகையின் முதல் இதழில் 'புலெட்' என்ற பெயரில் வந்தது. இன்று உலகில் எந்த மூலையில் இந்த விளையாட்டை ஆடுகிறவரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் தெரியும். 2023-இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டில் வரும் ஆந்தைக்கரடிக் குட்டிக்கு உருகாதவர் குறைவு. உரிமம் பெற்ற நிறுவனங்கள் இவற்றைப் பொம்மையாக வார்த்து நல்ல விலைக்கு விற்கின்றன.

அந்தப் பொட்டலமோ நகல்களின் பொட்டலம். ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த ராட்சத மிருகங்களின் சாயலை அனுமதி இல்லாமல் எடுத்து, இங்கே கொஞ்சம் சேர்த்து, அங்கே கொஞ்சம் குறைத்து, யாரோ ஒரு ஹாங்காங் அச்சுக்காரர் வார்த்துத் தள்ளியவை. பொம்மைச் சேகரிப்பாளர்களுக்குள் 'அசல்', 'போலி' என்று நடக்கிற சண்டையில் பாதி, இந்தப் பொட்டலத்தைத் திறந்து பார்த்தால் அடங்கிவிடும் என்று நம்புகிறேன். மறு பாதி அடங்காது. அது அடங்கவும் கூடாது. இரண்டையும் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஜப்பான்.

1954 நவம்பரில் காட்ஜில்லா திரைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில், அணுகுண்டுச் சோதனையில் விழித்தெழும் கடல் மிருகத்தைப் பற்றிய படம் ஒன்று ஓடியிருந்தது. தோஹோ நிறுவனம் தன் படத்துக்கு முதலில் வைத்திருந்த தற்காலிகத் தலைப்பே அந்தப் படத்தை ஒட்டியதுதான்: 'கடலடியில் இருபதாயிரம் லீக்கிலிருந்து வந்த ராட்சத மிருகம்'. நிற்கிற தோரணை டைரனோசாரஸிடமிருந்து வந்தது, முதுகுத் தகடுகள் ஸ்டெகோசாரஸிடமிருந்து. ஆனால் அந்தத் தோலைப் பாருங்கள். செதில் இல்லை. அணுகுண்டு வெப்பத்தில் வெந்து பிழைத்தவர்களின் உடம்பில் புடைத்து நின்ற தழும்பு போன்ற தோல் அது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்து, படகில் இருந்த அத்தனை பேரும் நோயுற்றிருந்தார்கள். எலும்புக்கூடு இரவல் என்றாலும் தோல் அவர்களுடைய சொந்தத் தோல்.

அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளை உருவாக்கிய சுபுராயா எய்ஜி பின்னர் தனி நிறுவனம் தொடங்கினார். 1966 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் 'அல்ட்ரா க்யூ' தொடர் தொலைக்காட்சியில் ஆரம்பித்தது. ஜூலையில், ராட்சத மிருகங்களோடு மோதும் நாயகனின் கதையான 'அல்ட்ராமேன்' தொடங்கியது. வாரம் ஒரு மிருகம் வேண்டும். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஆள் உள்ளே புகுந்து நடிக்கிற ரப்பர் உடுப்பு வேண்டும். நேரமும் பணமும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகவே உடுப்புகள் மறுபிறவி எடுத்தன.

இதில் எனக்கு மிகப் பிடித்த கதை பாரகோனுடையது. 1965-இல் ஒரு தோஹோ படத்துக்காகச் செய்த நாலுகால் மிருக உடுப்பு அது. அடுத்த ஆண்டு அதே உடுப்பு, தலையை மாற்றியும் முதுகை மாற்றியும் பாகோஸ் ஆனது, நெரோங்கா ஆனது, மாகுலர் ஆனது, கடைசியில் தலையைச் சுற்றி இதழ்கள் போல மூடித் திறக்கும் தகடுகளோடு யுரேனியம் தின்னும் கபோரா ஆனது. ஒரே ரப்பர், ஐந்து பெயர். இதற்கு அடுத்த வாரமே இன்னொரு துணிச்சல். அல்ட்ராமேனின் 10-ஆம் அத்தியாயத்தில் வரும் ஜிராஸ், கழுத்தில் ஒரு விசிறிமடல் மாட்டிய காட்ஜில்லா உடுப்புதான். உள்ளே நின்று நடித்தவரும் காட்ஜில்லாவாக நடித்த அதே நகாஜிமா ஹருவோ. சண்டையின் நடுவில் அல்ட்ராமேன் அந்த மடலைப் பிய்த்து எறிகிறான். எதிரே நிற்பது காட்ஜில்லா என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த எந்தப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். மறைக்க அவர்கள் முயலவே இல்லை.

அதே தொடரில் வேலை செய்த நரிதா தோரு என்ற சிற்பி தனக்கென்று கறாரான விதிகளை வைத்திருந்தார். பூமியில் உள்ள விலங்கை அப்படியே பெரிதாக்கிக் காட்டக் கூடாது. இரண்டு தலை, பத்துக் கை என்று ஒட்டவைத்து மிரட்டக் கூடாது. உடம்பு பிய்ந்து ரத்தம் வழியும் உருவங்கள் கூடாது. பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் வைக்கிற உருவம் முன்பு பார்த்திராத வடிவமாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓடும் 'தாதா' என்ற வேற்றுக்கிரக உருவத்துக்கு ஓர் ஐரோப்பியக் கலை இயக்கத்தின் பெயரே வைக்கப்பட்டது. இத்தனை கறாரான மனிதர் இருந்த கூடத்திலும், இன்று உலகப் புகழ் பெற்ற பால்டன் என்ற நண்டுக்கை உருவம், முந்தைய தொடரில் வந்த சிள்வண்டு மனிதனின் உடுப்பை மாற்றித்தான் பிறந்தது. பழைய ரப்பர் கையில் இருக்கிறது, புதிய வடிவம் மனத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடக்கிற இழுபறியில்தான் அந்த உருவங்களுக்கு உயிர் வந்தது என்று நினைக்கிறேன்.

திரையில் வந்த மிருகங்களைப் பொம்மையாக்கிப் பெரும் அலையைக் கிளப்பியது மருசான் என்ற டோக்கியோ நிறுவனம். 1966-இல் அது செய்த மென்வினைல் பொம்மைகளைப் பார்த்தால், உரிமம் பெற்றுச் செய்தவைதானா என்று புதிதாகப் பார்ப்பவர் சந்தேகப்படுவார். உருண்டைக் கன்னம், கொழுத்த கை, நீலத்தின் மேல் பச்சையும் வெள்ளியும் தெளித்த நிறம். 'அல்ட்ரா க்யூ' கறுப்பு வெள்ளையில் ஓடிய தொடர். நிறம் முழுக்கப் பொம்மைக்காரர் தீர்மானித்தது. திரையில் இருந்ததை அவர் நகலெடுக்கவில்லை. ஒரு குழந்தை கையில் எடுத்தால் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தார். மருசான் நொடித்த பிறகு அங்கே இருந்தவர்கள் 1969-இல் புல்மார்க் என்ற பெயரில் மறுபடி தொடங்கி, பழைய அச்சுகளையும் பயன்படுத்தினார்கள். அதுவும் 1977-இல் முடிந்தது.

இந்தப் பொம்மைகளை ஜப்பானியர் 'சோஃபுபி' என்கிறார்கள். மென்வினைல் என்பதன் ஆங்கிலச் சொல்லை அவர்கள் நாக்கில் சுருக்கிய வடிவம். டோக்கியோவின் காத்சுஷிகா வட்டாரம் இதற்குப் பேர்போனது. அங்கே இன்றும் சில பட்டறைகளில் கையாலேயே வேலை நடக்கிறது. அந்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அசலும் நகலும் பிரிகிற இடம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

சிற்பி களிமண்ணில் செய்த உருவத்திலிருந்து மெழுகில் ஒரு பிரதி எடுக்கிறார்கள். அந்த மெழுகை மின்முலாம் பூசும் தொட்டியில் தொங்கவிட்டால், செம்பு மெல்ல மெல்ல அதன்மேல் படிந்து ஓடாகிறது. பிறகு மெழுகை உருக்கி ஊற்றிவிட்டால் மிஞ்சுவது உலோக அச்சு. கை, கால், தலை, வால் எல்லாவற்றுக்கும் தனித்தனி அச்சு. அதில் கூழ் பதத்து வினைலை நிரப்பிக் கொதிக்கும் எண்ணெயில் இறக்குகிறார்கள். சுவரை ஒட்டிய வினைல் ஒரு படலமாக இறுகியதும், நடுவில் இளகி நிற்பதைத் திருப்பி ஊற்றிவிட்டு, மறுபடி சூடு. அதற்கப்புறம்தான் காட்சி. தொழிலாளி குறட்டால் அச்சின் வாயோரத்தில் வினைலைப் பிடித்து, ஒரே மூச்சில் இழுக்கிறார். பானை வயிறுள்ள மிருகத்தின் உடம்பு, விரல் நுழையும் அகலமே உள்ள கழுத்துத் துளை வழியே நசுங்கி, நெளிந்து, நீண்டு வெளியே வந்து, வந்த மறுகணம் பழைய வயிறோடு நிமிர்ந்து நிற்கிறது. சூடு ஆறுவதற்குள் இழுத்தாக வேண்டும். முந்தினால் கிழியும், பிந்தினால் வராது. இந்தக் காட்சியைக் காணொளியில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பார்க்கும்போதெல்லாம் ஒரு பிரசவத்தைப் பார்த்த நிம்மதி வருகிறது.

இந்த வேலையில் ஒரு சின்னச் சங்கதி உண்டு. வினைல் ஆறும்போது சுருங்கும். அதைக் கணக்கிட்டுத்தான் சிற்பி மூல உருவத்தைச் சற்றுப் பெரிதாகச் செய்கிறார். களவாகப் பிரதி எடுப்பவரிடம் மூல உருவம் இருக்காது. கடையில் வாங்கிய பொம்மையையே மூலமாக வைத்து அச்செடுப்பார். ஏற்கெனவே சுருங்கியது, அவர் கையில் இன்னொரு முறை சுருங்கும். அளவு குறையும். செதிலின் கூர்மை மழுங்கும். நகத்தின் நுனி உருண்டுபோகும். அந்த நகலிலிருந்து இன்னொருவர் நகலெடுத்தால் இன்னும் சிறுக்கும். அனுபவமுள்ள சேகரிப்பாளர் பெட்டியையும் முத்திரையையும் பார்ப்பதற்கு முன் அளவுகோலை எடுப்பது இதனால்தான். பொய் சொல்லாத சாட்சி அந்தச் சுருக்கம்.

ஜப்பானில் 1966-க்குப் பிறகு ராட்சத மிருக மோகம் தலைக்கேறியபோது, உரிமம் வாங்காத சின்னத் தயாரிப்பாளர்களும் களத்தில் குதித்தார்கள். அவர்களில் பலர் அப்படியே பிரதி எடுக்கவில்லை. வழக்குக்குப் பயந்தோ, செலவுக்குப் பயந்தோ, ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் கலந்து, எந்தத் தொடரிலும் வராத மிருகங்களைச் செய்தார்கள். இவற்றுக்குப் 'பச்சி கைஜு' என்று பெயர். கைஜு என்றால் விசித்திர மிருகம். பச்சி என்பது களவாடுவதைக் குறிக்கும் பேச்சுச் சொல்லோடு உறவுள்ளது. போலிச் சரக்கைப் 'பச்சிமோன்' என்பார்கள். ஏளனச் சொல்லாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பெயரற்ற மிருகங்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய தனிக் கலைஞர்களில் சிலர், பழைய பச்சி கைஜுக்களின் கோணல் முகத்தையும் பொருந்தாத நிறத்தையும் வேண்டுமென்றே எடுத்தாண்டு புதிய சோஃபுபி செய்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் அவசரத்தில் நேர்ந்த பிழை இன்று ஒரு பாணி.

இதைப் படிப்பவர் யாராவது, திருட்டுக்கு நான் அழகு பூசுகிறேன் என்று நினைக்கக்கூடும். அதனால் லேக் ஜெனீவாவுக்குத் திரும்பிப் போகிறேன்.

கவசத் தகடு வைத்த அந்தப் பொட்டலப் பொம்மைக்குச் சேகரிப்பாளர்கள் காட்டும் மூதாதை, கபோரா. இதழ்த் தகடுகளை மூடிக்கொண்ட கபோராவையும் அந்தப் பொம்மையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் தெரிகிறது. அப்படியானால் வம்சாவளி இப்படி: பாரகோன் உடுப்பு கபோராவாகி, கபோரா ஹாங்காங் அச்சில் பெயரிழந்து, அந்த அநாமதேயம் அமெரிக்க மேசையில் புலெட் ஆகிறது. பொம்மை தானாகப் புலெட் ஆகிவிடவில்லை என்பதுதான் முக்கியம். 'தி டிராகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த டிம் காஸ்க் உட்கார்ந்து யோசித்தார். இது எங்கே வாழும்? மண்ணுக்கடியில், சுறா நீந்துவது போல மண்ணைப் பிளந்து வரும். என்ன தின்னும்? விளையாட்டில் வரும் குள்ள இனமான ஹாஃப்லிங்குகள் என்றால் அதற்கு உயிர், இன்னொரு கற்பனை இனமான எல்ஃபுகளைத் தொடாது. இப்படி ஒரு மெத்தென்ற பிளாஸ்டிக் துண்டுக்குப் பசியும் வெறுப்பும் கொடுத்தார்.

துருதின்னி இதைவிட அழகான யோசனை. அந்த விசிறிவால் பொம்மையிடம் பயமுறுத்த ஒன்றுமே இல்லை. கொம்பு மெலிவு, கால் மெலிவு, பல் இல்லை. கையில் இதைக் கொடுத்தால் நம்மில் பலர் மூலையில் போட்டிருப்போம். கைகாக்ஸ் அதன் பலவீனத்தைப் பார்த்து, யாருக்கு இது பயமாக இருக்கும் என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். உடம்பை ஒன்றும் செய்யாது. உணர்கொம்பால் இரும்பைத் தொட்டால் இரும்பு துருவாகி உதிரும், அதைத் தின்னும். இரும்புக் கவசமும் பரம்பரை வாளுமாக நிற்கும் மாவீரன், டிராகனிடம் ஓடாதவன், இந்தப் பூச்சியைக் கண்டால் ஓடுகிறான். ஜப்பானியத் தொடரிலும் இது கிடையாது, ஹாங்காங் அச்சிலும் கிடையாது. அந்த மேசையில்தான் பிறந்தது. இதற்குப் பெயர் படைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

பின்கதை ஒன்றும் உண்டு. விளையாட்டின் உரிமையை இப்போது வைத்திருக்கும் நிறுவனம், தன் பிராணிகளில் சிலவற்றைத் தனக்கே உரியவை என்று பட்டியலிட்டு ஒதுக்கிவைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் அம்பர் ஹல்க் என்ற பிராணியும் உண்டு. அதுவும் இதே மலிவுப் பொம்மைக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லப்படுகிறது. துருதின்னி, ஆந்தைக்கரடி, புலெட் மூன்றும் பட்டியலில் இல்லை. 2023 ஜனவரியில் விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விடப்பட்டபோது இந்த மூன்றும் சேர்ந்து வெளியே வந்தன. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் அவற்றை வரையலாம், வார்க்கலாம், விற்கலாம். ஒரே கூட்டத்துப் பிள்ளைகளில் ஒன்று வேலிக்குள்ளும் மூன்று தெருவிலும் நிற்பதற்கு, பிறப்பில் எந்தக் காரணமும் இல்லை.

வேலி எங்கே போடுவது என்பதில் நீதிமன்றங்களும் ஒரே மாதிரி பேசவில்லை. சியர்ஸ் என்ற அமெரிக்கப் பேரங்காடி 'பேக்ஸில்லா' என்ற பெயரில் குப்பைப் பைகளை விற்றது. உறையில் காட்ஜில்லா சாயலில் ஒரு வேடிக்கை உருவம். தோஹோ வழக்குத் தொடுத்தது. குப்பைப் பையை வாங்குகிறவர் யாரும் அதைக் காட்ஜில்லா நிறுவனம் செய்ததாக நினைத்து ஏமாற மாட்டார் என்று சொல்லி, 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தோஹோவின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் 1998-இல், காட்ஜில்லாவைப் பற்றி அனுமதி இல்லாமல் வெளிவந்த ஒரு புத்தகத்துக்கு எதிராகப் போன அதே தோஹோவுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. வாங்குகிறவர் ஏமாறுவாரா என்ற கேள்வி இரண்டிலும் எழுந்தது. சாயல் இருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. 2024 செப்டம்பரில் நிண்டெண்டோவும் போகிமோன் நிறுவனமும் 'பால்வேர்ல்ட்' விளையாட்டைச் செய்தவர்கள் மீது டோக்கியோவில் வழக்குப் போட்டன. அந்த விளையாட்டின் பிராணிகள் போகிமோன்களைப் போலவே இருக்கின்றன என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. வழக்கு நகலுரிமைச் சட்டத்தில் போடப்படவில்லை, கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட் உரிமையில் போடப்பட்டது. ஒரு மிருகத்தின் முகச்சாயல் யாருக்குச் சொந்தம் என்று நிறுவுவது அவ்வளவு கடினம்.

1990-இல் மேட்ச்பாக்ஸ் வெளியிட்ட 'மான்ஸ்டர் இன் மை பாக்கெட்' தொகுப்பை இங்கே விட்டுவிட முடியாது. பழங்கதைகளிலிருந்தும் புராணங்களிலிருந்தும் எடுத்த விரலளவுப் பொம்மைகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பழங்கதைக்கு உரிமையாளர் இல்லை என்பது அவர்கள் துணிபு. அதனால் காளியையும் கணேசரையும் அனுமனையும் மிருகங்களின் வரிசையில் நிறுத்தினார்கள். இந்துக்கள் எதிர்த்தார்கள். சட்டம் கேட்காத ஒரு கேள்வி அது. ஒருவர் வீட்டுப் பூஜையறையில் இருக்கும் உருவம் இன்னொருவருக்குக் கேட்பாரற்ற சரக்காகத் தெரியும்போது, நகலுரிமைச் சட்டம் வாய் திறக்காது. ஆனால் காயம் காயம்தான்.

இப்போது லபுபு.

ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங் என்ற ஓவியர், வட ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளின் பாதிப்பில் 2015-இல் ஒரு படக்கதை வரிசையில் வரைந்த பிராணி அது. முயல் காது, விஷமச் சிரிப்பு, வரிசையாக ஒன்பது பல். 2019-இல் சீனாவின் பாப் மார்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தமானது. 2023-இல் பையில் மாட்டும் ரோமப் பொம்மையாக வந்தது. 2024 ஏப்ரலில் கொரியப் பாடகிகள் குழுவான பிளாக்பிங்கின் லிசா கையில் தெரிந்ததும் ஆசியா முழுக்கப் பற்றிக்கொண்டது. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலம் ஒன்றில் ஆளுயரத்துக்கு அருகில் நின்ற ஒரு லபுபு பத்து லட்சம் யுவானுக்கு மேல் போனது. உள்ளே எது இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டியில் விற்பது, கேட்பவர் எண்ணிக்கைக்குக் குறைவாக விடுவது என்ற இரண்டு பழக்கமும் சேர்ந்து ஒரு வெற்றிடத்தை உண்டாக்கின. அந்த வெற்றிடத்தில் போலிகள் வந்து நிறைந்தன. அவற்றுக்கு உலகம் வைத்த பெயர் 'லஃபுஃபு'.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் அவளுக்கு இளஞ்சிவப்பு லபுபு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அசல் இல்லை என்று தெரிந்துதான் வாங்கினேன், விலையே சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பற்களை அவள் எண்ணினாள்: பதினொன்று. காதின் தையல் ஒரு பக்கம் பிதுங்கி நூல் தொங்கியது. முகத்துப் பிளாஸ்டிக்கில் அச்சு சேர்ந்த கோடு கன்னத்தின் குறுக்கே ஓடியது, யாரும் தேய்த்து எடுக்கவில்லை. முகர்ந்தால் பசை நெடி. மூன்றாம் நாள் ஒரு கண் கையோடு வந்துவிட்டது. பட்டாணி அளவு இருந்த அந்தக் கண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் அவளுடைய ஒன்றரை வயதுத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

அடங்கக் கூடாத மறு பாதிச் சண்டை என்று நான் முதலில் சொன்னது இதைத்தான். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் லஃபுஃபுக்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பாகங்கள் கழன்று சிறு பிள்ளைகளின் தொண்டையை அடைக்கலாம் என்பதே காரணம். இந்தியாவில் 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். என் கையில் இருந்ததில் எந்த முத்திரையும் இல்லை. அசலைச் செய்தவர் பெயர் போடுவது அவர் பெருமைக்காக மட்டும் இருப்பதில்லை. கண் கழன்றால் யார் கதவைத் தட்டுவது என்று வாங்குகிறவருக்குச் சொல்வதற்காகவும் அந்தப் பெயர் இருக்கிறது. இன்னொருவர் பெயரை ஒட்டிக்கொண்டு வருகிற பொம்மை அந்தக் கதவை இல்லாமல் செய்துவிடுகிறது. ஹாங்காங் பொட்டலம் காட்ஜில்லா என்றோ அல்ட்ராமேன் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. பெயரில்லாமல் வந்தது, அதனால் யாரும் அதற்குப் பெயர் வைக்க முடிந்தது. லஃபுஃபுவோ லபுபு என்று எழுதிய பெட்டிக்குள் வருகிறது.

லஃபுஃபுக்களை அவற்றின் கோணல் முகத்துக்காகவே விரும்பிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கண் இடம் மாறியது, பாதம் பின்பக்கம் திரும்பியது என்று படம் எடுத்துக் காட்டி மகிழ்கிறார்கள். அவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. பச்சி கைஜுவைத் தேடுகிறவரின் கண்தான் அவர்களுக்கும். பெரியவர்கள் அலமாரியில் வைத்துப் பார்ப்பதோடு அது நின்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் இந்தப் பிழைகள் யாரும் யோசித்துச் செய்தவை இல்லை. இரண்டு மூன்று நகல் தள்ளி, அளவு சுருங்கி, ஒரு நாளில் இத்தனை என்ற கணக்குக்குத் தைத்த கைகளின் களைப்பு அது. அந்தக் கைகளுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது அந்தக் கோணல் சிரிப்பு எனக்கு இனிக்கவில்லை.

கழன்ற கண்ணைக் குப்பையில் போட்டேன். மற்றக் கண்ணையும் நானே பிடுங்கி எடுத்துவிட்டேன். கண்ணில்லாத பொம்மையைப் பார்த்து அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. அம்மாவின் தையல் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். முகம் கெட்டிப் பிளாஸ்டிக், ஊசி இறங்காது. அதனால் கறுப்புத் துணியில் ஒரு பட்டை வெட்டி, கண்ணுக்குக் குறுக்கே கட்டி, பின்னந்தலை ரோமத்தோடு சேர்த்துத் தைக்க வைத்தாள். இது லபுபு இல்லையாம். பகலில் கண் தெரியாதாம், ராத்திரி பல்லாலேயே பார்க்குமாம், அதனால்தான் பதினொன்று இருக்கிறதாம். பெயர் பல்லாயி. தம்பியின் கைக்கு எட்டாத உயரத்தில், ஜன்னல் மேல் தட்டில் உட்கார்ந்திருக்கிறது.